ராத்திரிக் கணக்கு



பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வழியில் சென்னைத் தம்பி ஒருத்தர் நம்ம வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார். நான் எழுதுறதை விடாமல் படிக்கிறவர். காட்டைச் சுத்திக் காட்டினேன். கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்து, "இவ்வளவு ஆழமா!" என்று பின்வாங்கினார். ராத்திரி சாப்பாடு ஆனதும் நான் நாற்பது பக்க நோட்டு ஒண்ணையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் கிளம்பினேன்.

"பால் கணக்கா ஐயா?"

"இல்லப்பா, ஜெபம்."

"ஜெபத்துக்கு எதுக்கு நோட்டு?"

அன்னிக்கு அவருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரலை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு சொல்லி நழுவிட்டேன். அவர் கேட்டதுக்குப் பதில்தான் இந்தப் பதிவு. மதம் பரப்புறேன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. எனக்கு மூணாவது வீட்டுக்காரர் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் பக்தர். அந்தக் கோயில் நடை திங்கள், வெள்ளி ரெண்டு நாள்தான் திறக்கும். அந்த ரெண்டு நாளும் அவரைக் கூலி வேலைக்குக் கூப்பிட முடியாது. அவரும் நானும் முப்பது வருஷமா ஒரே டீக்கடை, ஒரே பெஞ்சு. அவர் என்னை மாத்தலை, நான் அவரை மாத்தலை.

நாங்க தலைமுறை தலைமுறையா கத்தோலிக்கர். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பங்குகள் பெரும்பாலும் கும்பகோணம் மறைமாவட்டத்தில் வரும். சின்ன வயசில் எங்க வீட்டில் சாயந்தரம் ஏழு மணி ஆனால் சிம்னி விளக்கு முன்னாடி பாய் விரிச்சாகணும். அம்மா செபமாலை தொடங்கும். பத்து மணிக்கு ஒரு பெரிய மணியா, அஞ்சு பத்து. ரெண்டாவது பத்துலயே நான் சாமியாடத் தொடங்கிடுவேன். அம்மா வாயில் மந்திரம் நிக்காது, கை மட்டும் நீண்டு வந்து தொடையில் கிள்ளும். பழைய காலத்துப் பிரியதத்த மந்திரத்தை மாத்தி எளிய தமிழ்ல "அருள் நிறைந்த" என்று வந்த பிறகும் அம்மா சாகிற வரைக்கும் பழசைத்தான் சொல்லுச்சு. "மாதாவுக்குப் பழகுன மொழி இதான்டா" என்கும்.

அந்தப் பழக்கம் இருந்ததே தவிர, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. இதை ஒத்துக்கவே ஐம்பது வயசு ஆச்சு.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள் நடக்குமே, பார்த்திருக்கீங்களா? மனுவை மடிச்சுக் கையில் வெச்சுக்கிட்டு, ஆதார் ஜெராக்ஸ், சிட்டா ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்துக் குத்திக்கிட்டு வரிசையில் நிப்போம். என் ஜெபம் முழுக்க அந்த மனுதான். மழை வேணும், வெங்காயம் விலை ஏறணும், பையனுக்கு வேலை வேணும். கேட்டது கிடைச்சா மெழுகுதிரி, கிடைக்கலைன்னா அடுத்த வாரம் அதே மனு. மனு கொடுக்கிறது தப்புன்னு சொல்ல வரலை. எங்க ஊர் ஆளுங்க கேக்காம வேற யாரு கேப்பாங்க? ஆனா மனு கொடுக்கிறவனுக்குக் கலெக்டரைத் தெரியும்னு சொல்ல முடியுமா? நம்பர் போட்ட ரசீதை வாங்கிக்கிட்டு பஸ் ஏறிடுவோம், அவ்வளவுதான்.

2018-ல் அது உடைஞ்சது.

அந்த வருஷம் மக்காச்சோளம் போட்டவங்க யாரும் மறக்க மாட்டாங்க. படைப்புழு. அமெரிக்காக் கண்டத்துப் புழு. 2016-ல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018-ல் கர்நாடகாவில் தென்பட்டு, புரட்டாசி ஐப்பசிக்குள்ள நம்ம காட்டுக்கு வந்துடுச்சு. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் போடுற மாவட்டங்கள்ல பெரம்பலூர் முன்னணியில இருக்கிறதால அடியும் எங்களுக்குப் பெரிசு. தலையில் கவிழ்த்துப் போட்ட இங்கிலீஷ் ஒய் எழுத்து மாதிரி வெள்ளைக் கோடு இருக்கும், வால் பக்கம் சதுரமா நாலு கரும்புள்ளி. பகல்ல குருத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். குருத்தை விரிச்சுப் பார்த்தா மரத்தூள் கொட்டி வெச்ச மாதிரி அதோட எச்சம் கிடக்கும். மருந்துக் கடையில் கேட்டா ஆளுக்கு ஒரு மருந்து கொடுத்தாங்க. நாலு தடவை அடிச்சேன். குருத்துக்குள்ள மணல் போட்டோம், சாம்பல் போட்டோம். என் சம்சாரம் விடிகாலையில் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா நசுக்கிக்கிட்டு வரும்.

மூணு ஏக்கர். ஏக்கருக்குப் பதினெட்டாயிரம் செலவு. அடகு வெச்சது அவளோட ரெட்டை வடச் சங்கிலி.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். அரியலூர்ல இருந்து தஞ்சாவூர் போற ரோட்டில் திருமானூர் போய்ப் பிரிஞ்சா, கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கிற ஊர். பள்ளிக்கூடத்தில் வீரமாமுனிவர்னு படிச்சிருப்பீங்களே, அவர் வருஷக்கணக்கா இருந்து கோயில் கட்டின இடம். அவர் அந்த ஊருக்கு வெச்ச பேர் திருக்காவலூர். நடந்தே வர்றேன், புழுவை மட்டும் எடுத்துடுன்னு கேட்டுக்கிட்டேன். நடந்தும் போனேன். சிமெண்ட் ஆலைகளுக்குப் போற டிப்பர் லாரிங்க ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உரசிக்கிட்டுப் போகும். வாயில் சுண்ணாம்புத் தூசி, கையில் செபமாலை. மெழுகுதிரி கொளுத்தினேன், மொட்டை போட்டேன், பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

தை மாசம் கதிர் அடிச்சப்ப, இருபத்தஞ்சு மூட்டை காண வேண்டிய ஏக்கரில் அஞ்சு மூட்டை. அதுவும் பொக்கும் பதருமா.

டீக்கடை பெஞ்சில் மூணாவது வீட்டுக்காரர் சொன்னார்: "மதுரகாளிக்கு நேர்ந்த என் காடும் போச்சு, மாதாவுக்கு நேர்ந்த உன் காடும் போச்சு. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்ட மாதிரியில்ல இருக்கு." சிரிச்சேன். வீட்டுக்கு வந்து செபமாலையைக் கழட்டி ஆணியில் மாட்டினேன். சம்சாரம் தனியா ஜெபம் சொல்லும், நான் திண்ணையில் படுத்துக்குவேன். பின்னாடி அரசாங்கம் நிவாரணம்னு கொடுத்தது. சங்கிலி திரும்பலை.

எங்க பங்கில் ஒரு பழைய உபதேசியார் இருந்தார். எண்பதை நெருங்கினவர். சாமியார் வராத ஞாயித்துக்கிழமைகள்ல ஜெபம் நடத்துறது, சாவு வீட்டில் மந்திரம் சொல்றது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறது எல்லாம் அவர்தான். இளவயசில் சேசு சபைச் சாமியார்கள்கிட்ட தியானம் எடுத்தவர். 2019 தவக்காலத்தில் நான் சிலுவைப் பாதைக்கு வரலைன்னு பார்த்துட்டு, தடி ஊனிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டார்.

"ஏன் தம்பி, கோவமா?"

"ஆமாங்க ஐயா."

"அவர்கிட்ட சொன்னியா?"

"எது?"

"கோவம்னுதான். திருப்பாடல் நூத்தம்பது இருக்கு. எடுத்துப் பாரு, எத்தினி ஆளு சண்டை போட்டிருக்கான்னு. எம்பத்தெட்டாவதைப் படி. கடைசி வரைக்கும் வெளிச்சமே கிடையாது. இருட்டுன்னே முடியும். அதையும் ஜெபம்னுதானே சேத்து வெச்சிருக்கான்?"

படிச்சேன். அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அப்புறம் அவர் கெத்சமனித் தோட்டத்தை எடுத்தார். இயேசுவே மூணு தரம் ஒரே வேண்டுதலைத்தான் கேட்டார், மத்தேயு எழுதி வெச்சிருக்கார், கேட்டது கிடைக்கலை. "அவருக்கே கிடைக்கலை, உனக்குப் புழு போகலைன்னு திண்ணையில படுத்துக்கிட்டியாக்கும்" என்றார். வேற யாராவது சொல்லியிருந்தா கோவம் வந்திருக்கும். அவருக்கு ரெண்டு பிள்ளைகள் செத்துப் போனதை நான் பார்த்தவன்.

அப்புறம்தான் நோட்டு விஷயம் வந்தது. "உங்கப்பன் கணக்கு எழுதுவானே, நீ எழுதுறியா?" என்று கேட்டார்.

எங்கப்பா அஞ்சாவது கூட முடிக்கலை. ஆனா தினம் ராத்திரி கூலி எவ்வளவு, உரம் எவ்வளவு, யாருக்குக் கைமாத்து கொடுத்தோம், யாருகிட்ட வாங்கினோம் எல்லாம் பென்சிலால் எழுதிட்டுத்தான் படுப்பார். "அதையேதான் செய்யச் சொல்றேன், காசுக்குப் பதிலா நாளை எழுது" என்றார் உபதேசியார்.

இது அவர் கண்டுபிடிச்சது இல்லை. சேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-ல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைஞ்சு படுத்தவர், படுக்கையிலதான் மனசு திரும்பினார். அவர் எழுதின ஆன்மீகப் பயிற்சிகள் 1548-ல் அச்சில் வந்தது. சேசு சபையில் சேர்ற ஒவ்வொருத்தரும் அந்த முப்பது நாள் பயிற்சியைச் செஞ்சாகணும். நம்ம வீரமாமுனிவரும் அந்தச் சபைதான். அதனால அவரும் ஏலாக்குறிச்சியில் ராத்திரி விளக்கணைக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பார்த்திருப்பார்னு நான் நினைச்சுக்கிறது. அதில் ஆன்ம சோதனைன்னு ஒண்ணு. ஒரு குறிப்பிட்ட தப்பைத் திருத்தணும்னா வாரத்துக்கு ஏழு கோடு போட்டு, தப்புச் செஞ்ச ஒவ்வொரு தடவைக்கும் கோட்டு மேல புள்ளி வைக்கச் சொல்லியிருக்கார். பட்டாளத்துக்காரர் புத்தி பாருங்க.

நான் செய்யிறது இப்படி. மாடு அசை போடுற சத்தத்தில் உட்காருவேன். கொட்டகையில் வேற யாரும் வர மாட்டாங்க, போனையும் வீட்டிலேயே வெச்சுட்டுப் போயிடுவேன். முதல்ல இன்னிக்கு வந்த நல்லது. இது சுலபம்னு நினைச்சேன், இல்லை. முதல் வாரம் எனக்கு ஒண்ணுமே தோணலை. "கண்ணு ஈன்றது" என்று ஒரு வரி எழுதிட்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் நாளை நல்லாப் பார்க்க வெளிச்சம் கேக்கணும். அப்புறம் விடிஞ்சதில் இருந்து ஒவ்வொரு மணியா நடந்து வரணும்: எந்திரிச்சது, பால் கறந்தது, யாரைப் பார்த்தது, என்ன பேசினது. எந்த இடத்தில் மனசு லேசா இருந்தது, எந்த இடத்தில் கனத்தது. தப்புன்னு தெரிஞ்சதுக்கு மன்னிப்பு. கடைசியா நாளைக்கு என்ன செய்யப் போறேன், ஒண்ணே ஒண்ணு. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்தான். அதுக்கு மேல உபதேசியார் விட மாட்டார். "நீளமா ஜெபம் பண்ணிட்டு மறுநாள் விட்டுடுவே. கொஞ்சமா பண்ணு, விடாம பண்ணு. சொட்டு நீர்ப் பாசனம் போட்டிருக்கியே, அது மாதிரி" என்பார். அவருக்குக் காடே கிடையாது, ஆனா சொட்டு நீர் பத்தித் தெரியும்.

பட்டணத்தில் இருக்கிறவங்க நிறையப் பேர் உட்கார்ந்தா மனசு ஓடுதுன்னு சொல்றீங்க. எனக்கும் ஓடும். உரக்கடை பாக்கி ஓடும், பேரன் சளி ஓடும். அதுக்கு அதே இஞ்ஞாசியார் ஒரு வழி சொல்லியிருக்கார். தெரிஞ்ச மந்திரத்தை எடுத்துக்கிட்டு, ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை. பரலோக மந்திரத்தை இப்படிச் சொன்னா, "தந்தை"ங்கிற ஒரு சொல்லிலேயே ஒரு மூச்சு நிக்கலாம். இதை நான் கொட்டகையை விடக் காட்டில் அதிகம் செய்யிறேன். மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கிட்டு நடக்கிறப்ப, கை பம்ப் அடிக்கும், கால் நடக்கும், மூச்சு தானா வரும். அம்மா பாயில் உட்கார்ந்து கடகடன்னு சொன்னதும் இதுதானோ என்னவோ. அதுக்கு வார்த்தை எண்ணிக்கை முக்கியமில்லை போல. அந்த நேரம் அது அங்க இருந்தது. நான்தான் தூங்கிக்கிட்டு இருந்தேன்.

மூணு வாரம் போச்சு. நோட்டில் எல்லாம் சில்லறை. பால்காரன்கிட்ட எரிஞ்சு விழுந்தது, கூலி கொடுக்க ரெண்டு நாள் இழுத்தது. எனக்கே என் மேல ஒரு நல்ல அபிப்பிராயம் வர ஆரம்பிச்சது.

ஒரு நாள் ராத்திரி கொட்டகையில் உட்கார்ந்திருக்கேன், பல்பு அணைஞ்சது. வீட்டுக்குள்ள இருந்து சம்சாரம் குரல் கொடுத்துச்சு: "ஏங்க, கரண்டு போயிடுச்சு."

அந்த ஒரு வார்த்தை. இருட்டில் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

எனக்கும் எங்கண்ணனுக்கும் ஒரே கிணறு. அப்பா வெட்டினது. ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் என் முறை. 2016-ல் ஐப்பசி மழை பொய்த்தது ஞாபகம் இருக்கா? மறு வருஷம் ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சதே, அந்த வருஷம். கிணத்தில் ராத்திரி முழுக்க ஊறினா முழங்கால் அளவு தண்ணி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினா காத்து இழுக்கும். அப்ப அண்ணிக்கு உடம்பு முடியாம அண்ணன் திருச்சியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். போன் பண்ணி, "தம்பி, என் முறையில நீயே மோட்டாரப் போட்டு வெங்காயத்துக்குப் பாச்சிடுடா" என்றார். சரிண்ணே என்றேன்.

என் பருத்தி காய் பிடிக்கிற பருவம். அவர் முறை ரெண்டு வந்தது. ரெண்டு தண்ணியும் என் பருத்திக்கே விட்டேன்.

அவர் திரும்பி வந்து வெங்காயத்தைப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டார். "கரண்டே வரலண்ணே" என்றேன்.

அவர் ஒண்ணும் சொல்லலை. அதே லைனில் இருக்கிற பக்கத்துக் காடெல்லாம் ஈரமா இருந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அன்னியோட என்கிட்ட பேச்சை நிறுத்திட்டார். சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை. கேக்கிறவங்க கிட்டல்லாம் நான், "அண்ணன் ஒரு மாதிரி, காரணமே இல்லாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டார்" என்று சொல்லி வெச்சிருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் மாதிரி ஆயிடுச்சு.

ஒண்ணு சொல்லிடறேன். இதுக்குத் தண்டனையா சாமி புழுவை விட்டார்னு நான் நம்பலை. அண்ணன் காட்டையும் அதே புழுதான் தின்னது. உபதேசியாரும் அந்தப் பேச்சை எடுக்கவே விட மாட்டார். ஆனா புழுவை எடுன்னு ஏலாக்குறிச்சிக்கு ராத்திரியெல்லாம் நடந்தேனே, அந்த நடையில் ஒரு தடவை கூட அண்ணன் ஞாபகம் வரலை. அதுதான் என்னைக் குத்தினது.

அடுத்த நாளில் இருந்து நோட்டில் "அண்ணன்" என்று எழுதி ஒரு புள்ளி. மறுநாளும் புள்ளி. மாசக்கணக்கா புள்ளி. நாளைக்கு என்ன செய்யப் போறேங்கிற இடத்தில் மட்டும் வேற ஏதாவது எழுதுவேன்: வரப்புக்கு அண்டை வெட்டணும், மாட்டுக்கு ஊசி போடணும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், பாரம் இறங்கிடும்னு. சாமியார் பாவ மன்னிப்புக் கொடுத்துட்டு, "அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார். காணிக்கையைப் பீடத்துக்கு முன்னாடி வெச்சுட்டு முதல்ல சகோதரன்கிட்ட போகச் சொன்ன வசனம் எனக்கும் மனப்பாடம்தான். மனப்பாடமா இருக்கிறதில் ஒரு வசதி, காதில் விழாது.

என்ன செஞ்சேன் தெரியுமா? மறுபடி ஏலாக்குறிச்சிக்குப் போனேன். அண்ணன் மனசை மாத்து தாயேன்னு கேக்க! மனு கொடுத்துப் பழகின கை சும்மா இருக்குமா.

மே மாச வெயில். கோயிலுக்குள்ள கூட்டம் இல்லை. ஒரு தூணில் சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தமிழ் வாத்தியார் தன் மாணவர்களுக்கு வீரமாமுனிவரைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தார். இத்தாலியில் 1680-ல் பிறந்தது, சதுரகராதி, பரமார்த்த குரு கதை, இப்படி. தேம்பாவணியில் 3615 பாட்டு, அதோட நாயகன் சூசையப்பர், அவருக்கு அதில் வளன்னு பேர் என்றார். நான் பத்தாவதுதான், அந்தத் தமிழ் எனக்கு ஏறாது. ஆனா அவர் அடுத்துச் சொன்னது ஏறிடுச்சு. நற்செய்தி நாலிலும் தேடினாலும் சூசையப்பர் பேசினதா ஒரு வார்த்தை கிடையாதாம். ஒரு வார்த்தையும் பேசாத மனுஷனுக்கு மூவாயிரத்துச் சொச்சம் பாட்டுன்னு பிள்ளைகளைச் சிரிக்க வெச்சார்.

எனக்குச் சிரிப்பு வரலை. யோசிச்சுப் பார்த்தா நிஜம்தானே. சூசையப்பர் எங்கயும் எதையும் கேக்கலை. தூக்கத்தில் அவருக்குச் சொல்லப்படுது, எந்திரிக்கிறார், சொன்னதைச் செய்யிறார். மரியாளை ஏத்துக்கிட்டதும் அப்படித்தான், பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்குப் போனதும் அப்படித்தான். மரத்தச்சர், கைவேலைக்காரர், நம்ம சாதி. எனக்கும்தான் மூணு மாசமா ராத்திரி ராத்திரி சொல்லப்பட்டுக்கிட்டு இருந்தது. நான் எந்திரிக்கத்தான் இல்லை. எந்திரிக்காம இருக்கிறதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கேன்.

அன்னிக்கு மெழுகுதிரி வாங்கலை. நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். உடனே அண்ணன் வீட்டுக்குப் போயிட்டேன்னு எழுதினா நல்லா இருக்கும். போகலைங்க. இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. ஆடியில் ஒரு நாள், நாளைக்கு என்ன செய்யப் போறேங்கிற இடத்தில், "அண்ணன் வீட்டுக்குப் போறது" என்று எழுதிட்டேன். எழுதினதை அடிக்கக் கை வரலை.

அண்ணன் வாசல்ல கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து விதை வெங்காயம் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நான் நின்னுக்கிட்டே சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு கரண்டு வந்துச்சுண்ணே."

"தெரியும்."

அவ்வளவுதான். வெங்காயம் ஆயிற சத்தம். நான் எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கிறேன். திட்டுவார், அடிக்கக் கூடச் செய்வார்னு நினைச்சேன். அண்ணி ஒரு சொம்பில் தண்ணி கொண்டாந்து திண்ணையில் வெச்சுட்டு உள்ள போயிடுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, தலை நிமிராமலே அண்ணன் பேசினார்.

"வெங்காயம் போனது பெருசு இல்லடா. ஆஸ்பத்திரியில உங்கண்ணி, காடு என்னாச்சோ, காடு என்னாச்சோன்னு பொலம்பிக்கிட்டு கெடந்தா. தம்பி பாத்துக்குவான், நீ கம்முனு படுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கால் பிடிச்சு உட்கார்ந்து அழுதேன். அவர் அழலை. என்னைத் தூக்கவும் இல்லை. "போ, மாடு கத்துது" என்றார்.

அன்னிக்கு ராத்திரி கொட்டகையில் உட்கார்ந்தப்ப எனக்கு எந்த வார்த்தையும் வரலை, நோட்டையும் திறக்கலை. மாட்டு மூச்சும் என் மூச்சும்தான். எவ்வளவு நேரம் இருந்தேன்னு தெரியாது. சம்சாரம் வந்து தேடிச்சு. அந்த மாதிரி ராத்திரி அதுக்கு முன்னாடி எனக்கு வாய்ச்சதில்லை. பின்னாடியும் நாலைஞ்சு தடவைக்கு மேல இல்லை. மத்த நாளெல்லாம் சாதாரணமா கணக்கு எழுதறதுதான். சில நாள் தூங்கிடறதும் உண்டு. கொட்டகையில் கிள்ள அம்மா இல்லை.

நான் இன்னும் மனு கொடுக்கிறேன். போன வாரம் கூட மழைக்குக் கேட்டேன், பேத்திக்குப் பரீட்சைன்னு கேட்டேன். கேட்டுட்டு இப்பல்லாம் கிளம்பாம கொஞ்சம் உட்கார்ந்திருக்கேன், எனக்கு ஏதாவது சொல்ல இருக்கான்னு. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. இருந்தா அது யாராவது ஒரு ஆளைப் பத்தினதாத்தான் இருக்கும். அதான் பயமா இருக்கும்.

உபதேசியார் காலமாயிட்டார். அவர் பெட்டிக்குள்ள பழைய டைரிங்க ஒரு அடுக்கு இருந்ததாம், வரிசையா கோடும் புள்ளியும் மட்டும். வீட்டுக்காரங்களுக்கு அது என்னன்னு புரியலை, சீட்டுக் கணக்கோன்னு நினைச்சு என்னைக் கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்.

அண்ணன் இன்னும் என் வீட்டில் கை நனைக்கிறதில்லை. என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார், பந்தியில் உட்காராம போயிட்டார். கிணத்து விஷயம் மட்டும் பேசுவார், அதுவும் ரெண்டு வார்த்தை. ஆனா ராத்திரியில் மூணு பேஸ் கரண்டு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது இல்லையா, அவர் கொட்டகையில் படுக்கிறவர், முதல்ல அவருக்குத்தான் தெரியும். என் முறை நாள்ல எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே அடி, கட் பண்ணிடுவார்.

இதை எழுதிக்கிட்டு இருக்கிறப்பவே போன் ஒரு தடவை அடிச்சு நின்னுச்சு. இன்னிக்கு என் முறை. மோட்டார் போட்டுட்டு வந்துடறேன்.